செம்புத் தகட்டுக்குள்ள ஒரு ராத்திரி

ஒரு ஏ4 தாளை எடுத்து சரிபாதியா மடிங்க. கிட்டத்தட்ட 21 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் வரும். நீளத்துலயும் அகலத்துலயும் ஒரு விரல் அளவு கூட்டிக்கோங்க, அவ்வளவுதான் இன்னைக்கு நான் சொல்லப் போற ஓவியத்தோட முழு சைஸ், 22.5க்கு 16.5 சென்டிமீட்டர். அந்த இடத்துக்குள்ள ஒரு குடிசை இருக்கு, ராத்திரி இருக்கு, விளக்கு எரியுது, ரெண்டு தெய்வங்க உக்காந்திருக்காங்க, வயசான ஒரு புருஷன் பொண்டாட்டி அவங்களுக்கு உபசாரம் பண்ணிட்டு இருக்காங்க, ஒரு வாத்து கூட இருக்கு. வரைஞ்சவர் ஆடம் எல்ஸ்ஹைமர், 1608 வாக்குல, ரோம் நகரத்துல இருக்கும்போது. இப்போ ஜெர்மனியில டிரெஸ்டன் நகரத்து மியூசியத்துல இருக்கு. ஓவியத்தோட பேரு, "பிலமோன், பௌசிஸ் வீட்டில் ஜூபிடரும் மெர்குரியும்".

இந்த மாதிரி ஓவியங்களுக்கு மியூசியம் லேபிள்ல "ஆயில் ஆன் காப்பர்"னு போட்டிருப்பாங்க. நிறைய பேரு அதைப் படிச்சிட்டு அப்படியே கடந்து போயிடுவாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் போயிட்டிருந்தேன், எதுல வரைஞ்சா என்ன, படம்தானே முக்கியம்னு. ஆனா இந்தச் சின்ன ஓவியங்க விஷயத்துல செம்புத் தகடுதான் பாதிக் கதை. அது புரிஞ்சா ஏன் இவ்வளவு சின்னதா வரைஞ்சாங்க, ஏன் 400 வருஷம் கழிச்சும் நேத்து வரைஞ்ச மாதிரி இருக்கு, ஏன் இதை எல்லாம் தள்ளி நின்னு பார்க்கக் கூடாது, எல்லாமே புரிஞ்சிடும்.

முதல்ல ஆயில் பெயின்ட் எப்படி காயுதுன்னு தெரிஞ்சுக்கணும். நிறப்பொடியை ஆளி விதை எண்ணெய் மாதிரி ஒரு எண்ணெய்ல குழைச்சு எடுக்கறதுதான் ஆயில் பெயின்ட். தண்ணி மாதிரி ஆவியாகிப் போய் அது காயறதில்ல, காத்துல இருக்கற ஆக்சிஜனை இழுத்து எண்ணெய் மெதுவா கெட்டிப்பட்டு ஒரு தோல் மாதிரி ஆகுது, அதுக்கு நாள் கணக்கு, வாரக் கணக்கு ஆகும். அதுக்கு அடியில என்ன இருக்குங்கறது இந்த இடத்துலதான் முக்கியமாகுது. மரப்பலகைன்னா மழைக்காலத்துல ஈரம் குடிச்சு உப்பும், வெயில் காலத்துல சுருங்கும், மேல இருக்கற பெயின்ட்டும் அதோட சேர்ந்து இழுபட்டு வெடிக்கும். கேன்வாஸ்ன்னா துணி, நெசவு இழை தெரியும், தொய்யும், எங்கயாவது இடிச்சா கிழியும். ரெண்டுலயும் மேல பூசற அடிப்பூச்சு எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சிக்கும், அதனால நிறம் கொஞ்சம் மங்கி அடங்கின மாதிரி ஆகும்.

செம்பு ஈரம் குடிக்காது. எண்ணெயை உறிஞ்சாது. இழை கிடையாது, நரம்பு கிடையாது, நல்லா தேச்ச தகடுன்னா கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். அதனால பிரஷ்ல ஒத்த முடியை வச்சு ஒரு கோடு இழுத்தா அந்தக் கோடு இழுத்த மாதிரியே நிக்கும், எந்த மேடு பள்ளத்துலயும் மாட்டி உடையாது. ஒரு அரிசி அளவு முகத்துல கண்ணு, மூக்கு, தாடி, அந்தத் தாடியில விழற வெளிச்சம் வரைக்கும் வரைய முடியும்னா அதுக்குக் காரணம் கை மட்டும் இல்ல, அடியில இருக்கற தகடும்தான். நிறமும் உள்ள போய் ஒளியாம மேலயே ஈரம் காயாத மாதிரி பளிச்சுன்னு இருக்கும்.

ஆனா வழவழப்புன்னா ஒரு பிரச்சினையும் இருக்குல்ல, பெயின்ட் பிடிக்கணுமே. அதுக்காக தகட்டை சும்மா அப்படியே எடுத்து வரைய மாட்டாங்க. சுத்தியலால அடிச்சோ, ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டு அழுத்தியோ தகடு செய்வாங்க, கனம் 1 மில்லிமீட்டர் சுமார் இருக்கும். அப்புறம் நுரைக்கல் மாதிரி ஏதாவது வச்சு லேசா தேச்சு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு சொரசொரப்பு குடுப்பாங்க. பழைய ஓவியக் குறிப்புகள்ல இதுக்கு அப்புறம் ஒரு வேலை சொல்லியிருக்கு, அதைப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்தது, பூண்டை நறுக்கி தகடு மேல தேய்க்கணுமாம். பூண்டுச் சாறு பிசுபிசுன்னு ஒட்டும்ல, அந்த ஒட்டுதான் பெயின்ட்டுக்குப் பிடிமானம். அது மேல ஈய வெள்ளையையும் கொஞ்சம் பழுப்பு நிறத்தையும் எண்ணெய்ல குழைச்சு ரொம்ப மெல்லிசா ஒரு அடிப்பூச்சு, பிரஷ் தடம் தெரியாம இருக்கறதுக்காக சில பேரு உள்ளங்கையாலயே தட்டித் தட்டிப் பூசுவாங்க. அந்த எண்ணெய்ல இருக்கற அமிலம் செம்போட லேசா வினை புரிஞ்சு ரெண்டுக்கும் நடுவுல ஒரு பிணைப்பு உண்டாகும். அது காஞ்சதுக்கு அப்புறம்தான் படம்.

ஒரு விஷயத்தை இங்கயே சொல்லிடறேன், ஏன்னா இதை நிறைய இடத்துல தப்பா சொல்றாங்க. செம்போட சிவப்பு நிறம் பெயின்ட் வழியா தெரியறதாலதான் இந்த ஓவியங்க ஜொலிக்குதுன்னு சொல்லுவாங்க. பெரும்பாலான ஓவியங்க விஷயத்துல அது சரி இல்ல, அடிப்பூச்சு செம்பை மூடிடுது. ஜொலிப்பு வர்றது மேற்பரப்போட வழவழப்பால, நிறத்தை எதுவும் உறிஞ்சாததால, மெல்லிசு மெல்லிசா ஒண்ணு மேல ஒண்ணு போட்ட பெயின்ட் அடுக்கால. நிஜமாவே உலோகத்தோட மின்னலை உள்ள இருந்து வர வைக்கணும்னு நினைச்சவங்க அதுக்குத் தனியா வேலை செஞ்சாங்க. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630 வாக்குல சின்னச் சின்னதா மூணு படம் செம்பு மேல தங்க ரேக்கு ஒட்டி அது மேல வரைஞ்சார். அதுல ஒண்ணு, அவரோட சொந்த முகம், உயரம் 15 சென்டிமீட்டர் சுமார், ஸ்டாக்ஹோம் நேஷனல் மியூசியத்துல இருக்கு. 2000 டிசம்பர்ல திருட்டுக் கும்பல் ஒண்ணு அதைத் தூக்கிட்டுப் போட்ல தப்பிச்சாங்க, 2005ல கோபன்ஹேகன்ல வச்சு மீட்டாங்க. கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள போற அளவுக்கு ஒரு ரெம்பிராண்ட் இருக்குங்கறதே எனக்கு இன்னமும் நம்ப முடியாத விஷயம்தான்.

இந்தப் பழக்கம் எங்க ஆரம்பிச்சதுன்னா இத்தாலியில, 16ஆம் நூற்றாண்டு நடுவுல. அப்புறம் ஆல்ப்ஸ் மலை தாண்டி வடக்குல இருந்து ரோமுக்கும் வெனிஸுக்கும் வேலை தேடி வந்த ஃபிளெமிஷ் (இன்னைக்கு பெல்ஜியம் இருக்கற பக்கம்) ஓவியர்களும் ஜெர்மன் ஓவியர்களும் இதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க. 1570ல இருந்து 1650 வரைக்கும்தான் இதோட உச்சம்னு சொல்லலாம். செம்புத் தகடு கிடைக்கறதும் அப்போ ஈஸி, ஏன்னா அச்சுப்படம் எடுக்கறவங்க எல்லாம் செம்புத் தகட்டுலதான் கோடு கீறி மை தடவி அச்சடிச்சாங்க, அதே தகடுதான் ஓவியரும் வாங்கினார். கீறி அச்சடிச்சு முடிச்ச பழைய தகட்டோட பின்பக்கத்துல வரைஞ்ச படங்க கூட இருக்கு, திருப்பிப் பார்த்தா வேற ஒரு படம் கோடு கோடா தெரியும். ஃபிளெமிஷ் நகரமான ஆன்ட்வெர்ப்ல பீட்டர் ஸ்டாஸ்னு ஒரு தகடு செய்யறவர் இருந்தார், அவர் தன்னோட முத்திரையைத் தகட்டு முதுகுல குத்தி விடுவார், இன்னைக்கு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அந்த முத்திரை ஒரு பெரிய துப்பு.

சின்னதுங்கறதால போக்குவரத்தும் சுலபம். வெனிஸ்ல இருந்த ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் ரோட்டன்ஹாமர் உருவங்களை மட்டும் வரைஞ்சு தகட்டை ரோமுக்கு அனுப்பி வைப்பார், அங்க ஃபிளெமிஷ் ஓவியர் பவுல் பிரில் மரம் மலை எல்லாம் வரைஞ்சு முடிப்பார். இதே வேலையை ஒரு பெரிய மரப்பலகையில செய்ய நினைச்சா அது குதிரை வண்டியில வந்து சேர்றதுக்குள்ள என்ன கதி ஆகும்.

இதை யாரு வாங்கினாங்கன்னு பார்த்தா சர்ச்சுச் சுவத்துக்கு இல்ல, அரண்மனை ஹாலுக்கும் இல்ல. படிச்ச பணக்காரங்க, கார்டினல்கள்னு சொல்ற கத்தோலிக்க சர்ச்சோட பெரிய குருமாருங்க, பிரபுக்கள், டாக்டருங்க. அவங்க வீட்டுல ஒரு சின்ன அறை இருக்கும், அதுல சங்கு, பழைய நாணயம், விலை உயர்ந்த கல்லு, கடல் கடந்து வந்த விசித்திரப் பொருள் எல்லாம் அலமாரி அலமாரியா அடுக்கி வச்சிருப்பாங்க. நம்பிக்கையான நண்பர் வந்தா அந்த அறைக்குக் கூட்டிட்டுப் போய் ஒவ்வொண்ணா எடுத்துக் கையில குடுப்பாங்க. செம்போவியமும் அப்படிக் கையில குடுக்கற பொருள்தான். ஜன்னல் பக்கமா கொண்டு போய் லேசா சாய்ச்சுப் பார்ப்பாங்க, பூதக்கண்ணாடி வச்சுப் பார்ப்பாங்க. மிலான் நகரத்து கார்டினல் ஃபெதெரிகோ போரோமேயோ, யான் பிரூகல்ங்கற ஃபிளெமிஷ் ஓவியரோட இந்த மாதிரிச் சின்ன ஓவியங்களை ரொம்ப ஆசையா சேர்த்தார். அவர் சேர்த்ததுல நிறைய இன்னமும் மிலான்ல அவரே தொடங்கின அம்ப்ரோசியானாங்கற நூலகமும் ஓவியக்கூடமும் சேர்ந்த இடத்துல இருக்கு.

சரி, அப்படி வாங்கினவங்களுக்கு ஏன் புராணக் கதை பிடிச்சது. அந்தக் காலத்துல லத்தீன் படிச்ச ஒவ்வொருத்தனுக்கும் ஓவிட் தெரியும். ஓவிட்ங்கறவர் ரோமானியக் கவிஞர், அவரோட "உருமாற்றங்கள்" காவியம் 15 புத்தகம், அதுல மனுஷங்க மரமா, பறவையா, பாறையா, நட்சத்திரமா மாறற கதைங்க நூத்துக்கணக்குல இருக்கு. ஓவியர்களுக்கு அதுதான் கதைக் களஞ்சியம். கையில வச்சுப் பேசறதுக்கு இதைவிட நல்ல விஷயம் இல்ல, இது எந்த இடம், இவ யாரு, அடுத்தது என்ன ஆகப் போகுதுன்னு வாங்கினவரும் நண்பரும் உக்காந்து பேசலாம்.

அந்தத் தெய்வங்களை அடையாளம் கண்டுபிடிக்கறது கஷ்டம் இல்ல. கழுகோ மின்னலோ கூட இருந்தா ஜூபிடர், அவர்தான் தெய்வங்களுக்கு ராஜா. தொப்பியிலயோ செருப்புலயோ சின்ன இறக்கை இருந்தா மெர்குரி, தூது போறவர். மயில் இருந்தா ஜூனோ, நெத்தியில பிறை இருந்தா டயானா, திரிசூலத்தோட கடல் பக்கம் நின்னா நெப்டியூன். நம்ம ஊருல வியாழன், புதன்னு சொல்ற கிரகங்களைத்தான் அவங்க ஜூபிடர், மெர்குரின்னு சொன்னாங்க, ஆனா கதைங்க முழுக்க வேற, அதனால குரு பகவானையோ புத பகவானையோ மனசுல வச்சுக்கிட்டு இந்த ஓவியத்தைப் பார்த்தா குழம்பிடும்.

இந்த ஓவியம் வந்த காலத்துப் பாணியை பரோக்னு சொல்றாங்களே, அது என்னன்னு ஒரு வார்த்தை. 1600ல இருந்து 1750 வரைக்கும்னு ஒரு கணக்கு வச்சுக்கலாம். அதுக்கு முந்தின காலத்து ஓவியத்துல எல்லாம் அமைதியா, சமமா, எல்லா இடத்துலயும் ஒரே வெளிச்சமா இருக்கும். பரோக்ல ஓவியர் ஒரு கணத்தைப் பிடிப்பார், ஏதோ நடந்துக்கிட்டே இருக்கும், வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்து மட்டும் வந்து விழும், மீதி இருட்டா இருக்கும். ரோம்ல இதைப் பெரிய அளவுல செஞ்சவர் காரவாஜியோ. ஆள் உயரத்துக்கு உருவங்க, சுவர் அகலத்துக்குக் கேன்வாஸ், பார்க்கறவன் மேல வந்து மோதற மாதிரி வெளிச்சம். அதே ஊருல, அதே வருஷங்கள்ல, இருட்டும் வெளிச்சமும் என்ன பண்ணும்ங்கற அதே கேள்வியை எல்ஸ்ஹைமர் ஒரு ஜாண் தகட்டுல கேட்டுக்கிட்டு இருந்தார். ரெண்டு பேரும் செத்துப் போனது ஒரே வருஷம், 1610. காரவாஜியோ ஜூலையில, இவர் டிசம்பர்ல.

எல்ஸ்ஹைமர் ஃபிராங்க்ஃபர்ட்ல 1578ல ஒரு தையல்காரருக்குப் பையனா பொறந்தவர். இருபது வயசுல வெனிஸ் வந்தார், அங்க ரோட்டன்ஹாமரோட பழக்கம், 1600ல ரோம். அதுக்கப்புறம் ஊர் திரும்பல. 32 வயசுல செத்துப் போயிட்டார். மொத்தமா அவர் கையால ஆனதுன்னு ஒத்துக்கிட்ட ஓவியங்க 40 சுமார்தான், அதுல ஒண்ணு ரெண்டைத் தவிர எல்லாமே செம்பு. வேலை ரொம்ப மெதுவா பண்ணுவார், எண்ணிக்கை கம்மி, கடன் ஏறிடுச்சு, கடனுக்காக ஜெயிலுக்கும் போனார். ரூபன்ஸ் ரோம்ல இருந்தப்போ இவரோட நண்பர். ரூபன்ஸ்னா நாலு ஆள் உயரத்துக்குப் படம் வரையறவர், உதவியாளருங்க நிறைஞ்ச பெரிய பட்டறை வச்சு நடத்தினவர், குணத்துல நேர் எதிர். எல்ஸ்ஹைமர் செத்த செய்தி ஆன்ட்வெர்ப்புக்கு வந்ததும் 1611 ஜனவரியில ரோம்ல இருந்த யோஹான் ஃபாபர்ங்கற டாக்டருக்கு ரூபன்ஸ் ஒரு கடிதம் எழுதறார், நம்ம தொழில்ல இருக்கற எல்லாரும் துக்கம் காக்கணும், சின்ன உருவங்கள்லயும் நிலக்காட்சியிலயும் அவருக்கு நிகர் யாரும் இல்லைன்னு. கூடவே அவரோட சோம்பலைக் கடவுள் மன்னிக்கட்டும்னும் எழுதறார். எனக்கு அந்தச் சோம்பல்ங்கற வார்த்தை ஒத்துக்க முடியல. பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தாலும் குறை தெரியாத ஒரு தகட்டை முடிக்க எத்தனை மாசம் ஆகும்னு யோசிச்சா அது சோம்பல் மாதிரி தெரியவே இல்ல. ஆனா ரூபன்ஸ் நண்பனை இழந்த வேதனையில எழுதினார்ங்கறதும் அந்தக் கடிதத்துல தெரியுது. பின்னாடி ரூபன்ஸே எல்ஸ்ஹைமர் ஓவியங்களை வாங்கி சாகற வரைக்கும் வீட்டுல வச்சிருந்தார்.

இப்போ கதைக்கு வரேன், இது ஓவிடோட எட்டாவது புத்தகத்துல வருது, எனக்கு அந்தக் காவியத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம்.

ஜூபிடரும் மெர்குரியும் மனுஷ வேஷம் போட்டுக்கிட்டு ஃபிரிஜியா தேசத்துக்கு வர்றாங்க, இன்னைக்கு துருக்கி இருக்கற பக்கம். ராத்தங்க இடம் கேட்டு ஆயிரம் வீட்டுக் கதவைத் தட்டறாங்க, ஆயிரம் வீட்டுலயும் தாழ்ப்பாள். கடைசியா நாணல் கூரை போட்ட ஒரு குடிசை. பிலமோன், பௌசிஸ்னு வயசான தம்பதி, அந்தக் குடிசையிலயே கல்யாணம் ஆகி அங்கயே கிழடு தட்டினவங்க. வாங்கன்னு கூப்பிடறாங்க. தெய்வங்க தலையைக் குனிஞ்சு அந்தக் குட்டி வாசல் வழியா உள்ள போறாங்கன்னு ஓவிட் எழுதறார். இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க.

அதுக்கப்புறம் ஓவிட் பண்ற வேலை அற்புதம். தெய்வங்களை விட்டுட்டு சமையலுக்குப் போயிடறார். பௌசிஸ் நேத்து நெருப்போட சாம்பலைக் கிளறி, காஞ்ச இலையும் பட்டையும் போட்டு, கிழ மூச்சால ஊதி ஊதி நெருப்பு மூட்டறாங்க. பிலமோன் தோட்டத்துல இருந்து முட்டைக்கோஸ் பறிச்சிட்டு வர்றார், அதோட வெளி இலையைப் பிச்சுப் போடறாங்க. உத்தரத்துல தொங்கற புகை போட்ட பன்றி இறைச்சி, ரொம்ப நாளா பத்திரப்படுத்தி வச்சது, அதுல ஒரு சின்னத் துண்டு வெட்டிக் கொதிக்க வைக்கறாங்க. கட்டில் மேல ஒரு துணி விரிக்கறாங்க, அது திருவிழா அன்னைக்கு மட்டும் எடுக்கற துணி, ஆனா அதுவும் பழசுதான், மலிவுதான். மூணு கால் மேஜையில ஒரு கால் குட்டை, உடைஞ்ச ஓடு ஒண்ணை அடியில குடுத்து சமன் பண்றாங்க, அப்புறம் புதினாத் தழையால மேஜையைத் துடைக்கறாங்க. ஆலிவ் காய், முள்ளங்கி, பாலாடைக் கட்டி, சாம்பல் சூட்டுல லேசா வாட்டின முட்டை. இதெல்லாம் மண் பாத்திரத்துல.

சாப்பிடும்போதுதான் கவனிக்கறாங்க, ஒயின் எடுக்க எடுக்கக் குறையல, தானா நிரம்புது. பயந்து போயிடறாங்க. இப்படிப்பட்டவங்களுக்கா இந்தச் சாப்பாடு போட்டோம்னு, வீட்டுல இருக்கற ஒரே ஒரு வாத்தை அடிச்சுச் சமைக்கப் பாக்கறாங்க. வாத்து வேகமா ஓடுது, இவங்க மூச்சு வாங்கப் பின்னாடி ஓடறாங்க, கடைசியில வாத்து தெய்வங்க காலடியில போய் ஒண்டிக்குது. வேண்டாம், கொல்லாதீங்க, நாங்க தெய்வங்கன்னு அப்போதான் சொல்றாங்க. ஊரெல்லாம் தண்ணிக்குள்ள முழுகுது, குடிசை மட்டும் தூணும் பளிங்குத் தரையும் வச்ச கோயிலா மாறுது. என்ன வரம் வேணும்னு கேட்டதுக்கு ரெண்டு பேரும் தனியா போய்ப் பேசிட்டு வந்து, இந்தக் கோயிலுக்கு நாங்க பூசாரியா இருக்கணும், ஒரே நேரத்துல சாகணும், ஒருத்தர் சமாதியை ஒருத்தர் பார்க்கக் கூடாதுன்னு கேக்கறாங்க. பல வருஷம் கழிச்சு ஒருநாள் கோயில் படிக்கட்டு முன்னாடி நின்னு பேசிட்டு இருக்கும்போது ஒருத்தர் மேல ஒருத்தருக்கு இலை துளிர்க்கறது தெரியுது, வாய் மூடற வரைக்கும் போய்ட்டு வரேன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறாங்க, ஓக் மரமாவும் லிண்டன் மரமாவும் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க.

இவ்வளவு பெரிய கதையில வெள்ளம் இருக்கு, கோயில் இருக்கு, மரமா மாறற காட்சி இருக்கு. பெருசா வரைய ஆசைப்படறவருக்கு இதுல ஒண்ணுதான் கண்ணுல படும். எல்ஸ்ஹைமர் எடுத்துக்கிட்டது சாப்பாட்டுக்கு முந்தின நேரம். தெய்வங்கன்னு இன்னும் தெரியாது, அதிசயம் எதுவும் நடக்கல. விருந்தாளிங்க வலது பக்கம் உக்காந்திருக்காங்க, இளசா இருக்கறவர் தலையில இறக்கை வச்ச தொப்பி, அதுதான் நமக்குக் குடுத்த துப்பு. பௌசிஸ் துணி எடுத்துக்கிட்டு வர்றாங்க, அந்தத் திருவிழாத் துணிதான்னு நான் நினைச்சுக்குவேன். பிலமோன் சாப்பாட்டுச் சாமானோட வர்றார். தரையில காய்கறி, அந்தப் பக்கம் வாத்து, தனக்கு என்ன வரப் போகுதுன்னு தெரியாம.

வெளிச்சத்தைப் பாருங்க. தெய்வங்க தலையைச் சுத்தி ஒளிவட்டம் கிடையாது, வானத்துல இருந்து கதிர் எதுவும் இறங்கல. வெளிச்சம் முழுக்க வீட்டு விளக்குல இருந்து வருது, எண்ணெய் விளக்கு, ஏழை வீட்டு விளக்கு. ஜூபிடரே அந்த விளக்கோட தயவுலதான் நமக்குத் தெரியறார். விளக்குப் பக்கத்துல இருக்கறது பொன்னிறமா, கொஞ்சம் தள்ளினா பழுப்பு, மூலையில கருப்பு, ஆனா அந்தக் கருப்புக்குள்ளயும் உத்துப் பார்த்தா சாமான் செட்டு ஒண்ணு ஒண்ணா வெளிய வரும். மெல்லிசு மெல்லிசா ஒளி ஊடுருவற மாதிரி பெயின்ட்டை அடுக்கினாத்தான் இப்படி ஒரு இருட்டு வரும், உறிஞ்சற அடித்தளத்துல அந்த இருட்டு காஞ்சு செத்துப் போயிருக்கும், செம்புல அது இன்னமும் ஈரமா உயிரோட இருக்கு. ஒரு ஹால் அகலத்துக்கு இதை வரைஞ்சிருந்தா குடிசை குடிசையா இருந்திருக்காது, பெரிய மண்டபமா ஆயிருக்கும். தகட்டோட சின்ன அளவுதான் கூரையைத் தாழ்வா வச்சிருக்கு. அதைப் பார்க்கணும்னா நாமளும் கிட்ட போய் முதுகை வளைச்சு, தலையைக் குனிஞ்சாத்தான் உள்ள போக முடியும், அந்த வாசல்ல ஜூபிடர் குனிஞ்ச மாதிரி. எல்ஸ்ஹைமர் அதை யோசிச்சுத்தான் செஞ்சாரான்னு நிரூபிக்க வழி இல்ல, ஆனா என் உடம்புக்கு அது புரியுது.

செம்புக்கும் பலவீனம் உண்டு, அதையும் சொல்லணும். கீழ விழுந்தா மூலை மடங்கும், மடங்கின இடத்துல பெயின்ட் செதில் செதிலா கொட்டும், கொட்டினா பளபளன்னு உலோகம் எட்டிப் பார்க்கும். ஈரம் உள்ள போனா பச்சைக் களிம்பு, நம்ம வீட்டுச் செம்புக் குடத்துல பிடிக்கற அதே களிம்புதான், வீட்டுல புளி போட்டுத் தேச்சிடலாம், இங்க அது பெயின்ட்டுக்கு அடியில இருந்து ஊதித் தள்ளும். ஆனாலும் 400 வருஷ மரப்பலகை ஓவியத்தையும் 400 வருஷச் செம்போவியத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும், அதுல சிலந்தி வலை மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும், இதுல பெரும்பாலும் இருக்காது.

கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல பார்க்கறவங்களுக்கு ஒண்ணு. ஸ்க்ரீன் எல்லாப் படத்தையும் ஒரே சைஸ் ஆக்கிடும், காரவாஜியோவும் எல்ஸ்ஹைமரும் ஒரே அகலம் ஆயிடும். முதல்ல படத்தை 22.5 சென்டிமீட்டருக்குச் சுருக்கி ஒரு தடவை பாருங்க, ஸ்கேல் வச்சு அளந்தே பாருங்க. அப்புறம் ஜூம் பண்ணுங்க. தலைகீழா பண்ணா கதை புரியும், ஆனா அதிர்ச்சி கிடைக்காது.

இந்த ஓவியம் எப்படிப் பரவிச்சுங்கறதும் செம்புக் கதைதான். நெதர்லாந்துல உட்ரெக்ட் ஊர்க்காரர் ஹென்ட்ரிக் கௌட், ரோம்ல எல்ஸ்ஹைமரோடயே தங்கியிருந்தவர், எல்ஸ்ஹைமரோட ஏழு ஓவியங்களைத் தகட்டுல கீறி அச்சுப்படம் ஆக்கினார். பிலமோன், பௌசிஸ் படத்தை அவர் அச்சிட்டது 1612ல, வரைஞ்சவர் செத்து ரெண்டு வருஷம் கழிச்சு. செம்புல வரைஞ்சது இன்னொரு செம்புத் தகடு வழியா காகிதமாகி ஐரோப்பா முழுக்கப் போச்சு. அந்த இருட்டைக் காட்ட கௌட் கோட்டு மேல கோடா எவ்வளவு நெருக்கமா கீறியிருக்கார்னு பார்த்தா, அந்தப் பொறுமையும் எல்ஸ்ஹைமர்கிட்ட கத்துக்கிட்டதுதானோன்னு தோணும்.

ரெம்பிராண்ட் வாழ்நாள்ல இத்தாலிக்குப் போனதே இல்ல. அவருக்கு எல்ஸ்ஹைமர் கிடைச்சது பெரும்பாலும் இந்தக் காகிதங்க வழியாத்தான். 22, 23 வயசுல அவர் வரைஞ்ச எம்மாவுஸ் விருந்துல, அதாவது உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவுஸ்ங்கற ஊருல சீடர்களோட சாப்பிட உக்காரற படத்துல, பின்னாடி ஒரு மூலையில தனி விளக்கு வெளிச்சத்துல வேலைக்காரப் பொண்ணு ஒருத்தி நிப்பா, அந்த யோசனை கௌட் அச்சுப்படத்துல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க, பாரிஸ்ல ஜாக்மார்ட் ஆந்த்ரே மியூசியத்துல இருக்கு அது. அப்புறம் 1658ல, 52 வயசுல, அதே பிலமோன், பௌசிஸ் கதைக்கே அவர் திரும்ப வந்தார். இந்தத் தடவை மரப்பலகை, வாஷிங்டன் நேஷனல் கேலரியில இருக்கு. அதுல மேஜை நடுவுல இருக்கற விளக்கை மெர்குரியோட உடம்பு மறைச்சிருக்கும், விளக்கு தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும், கிழவன் கிழவி வாத்தோட முன்னாடி குனிஞ்சு நிப்பாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, 1656ல, ரெம்பிராண்ட் திவாலாகியிருந்தார், அதைத் தொடர்ந்து வீட்டுச் சாமான், சேர்த்து வச்ச ஓவியம், அச்சுப்படம் எல்லாம் ஏலத்துக்குப் போச்சு.